இரண்டு எழுத்துச் சிக்கனம்

லாங் ஐலண்ட் ஜெட்டியில் கால் வைத்தபோது குழந்தைவேலுவின் வயிற்றில் ஒன்றும் பாக்கியில்லை. எல்லாவற்றையும் வழியிலேயே கடலுக்குக் கொடுத்தாயிற்று. இந்த லட்சணத்தில் அவருக்குத் தீவு முழுக்கப் பெயர் எம்.எல்.ஏ.

அந்தமானில் சட்டசபையே கிடையாது. சீஃப் கமிஷனருக்கு யோசனை சொல்ல ஒரு கமிட்டி உண்டு, அதில் அவரும் ஒரு மெம்பர். அபர்தீன் பஜாரில் பாத்திரக்கடை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவரை எந்த நேரத்தில் அதில் போட்டார்களோ, அன்றைக்குப் போனது நிம்மதி. யோசனை சொன்னால் கேட்பார்கள், குறித்துக்கொள்வார்கள், டீ தருவார்கள். அவருடைய அதிகாரம் அந்த டீயோடு முடிந்துவிடும். இதைத் தீவு தீவாகப் போய் விளக்கிப் பார்த்துவிட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க எம்.எல்.ஏ. சார்" என்பார்கள்.

டெல்லியில் ஒரு சட்டம் வந்தால் அது இந்தத் தீவுகளுக்கு வந்து சேர்வதற்குள் அதற்கு நரை தட்டிவிடும். வந்தாலும் இங்கிலீஷில் வரும். அதனால் அவராகவே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். புது விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, படகு ஏறிப் போய், தமிழிலும் தனக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானியிலும் ஜனங்களுக்குச் சொல்வது. யாரும் கேட்டுக்கொள்ளாத வேலை. இந்தத் தடவை சொல்ல வந்தது குடும்ப பென்ஷன். சர்க்கார் வேலையில் இருப்பவர் இறந்துபோனால் மனைவிக்கு மாதாமாதம் பணம். விதி வந்து நாலு வருஷமாகியும் லாங் ஐலண்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

முக்கியமாகத் தெரியவேண்டியவள் கிளாரா. அவள் புருஷன் அந்தோணிமுத்து வனத்துறைப் படகில் டிரைவராக இருந்தவன், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். படகில் ஏற்றும்போது மரத்தடி உருண்டு மேலே விழுந்து எட்டு மாதத்துக்கு முன்னால் போய்விட்டான். மூன்று பிள்ளைகள். போர்ட் பிளேர் அலுவலகத்திலிருந்து அவளுக்கு மூன்று கடிதம் போயிருந்தது, மூன்றும் இங்கிலீஷில். பதில் வரவில்லை. எப்படி வரும்? இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்ட பாரம் வந்து சேராவிட்டால் ஃபைலைக் கட்டி மேலே போட்டுவிடுவோம் என்று ஹெட்கிளார்க் சொல்லிவிட்டார். ஒரு தடவை மேலே போன ஃபைல் கீழே வந்ததாகக் குழந்தைவேலு கேள்விப்பட்டதில்லை. மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. இன்று மூன்று மணிக்குத் திரும்பும் படகை விட்டால் அடுத்த படகு பத்து நாள் கழித்துத்தான்.

ஜெட்டியில் கூட்டம் இருக்கும் என்று நினைத்து இறங்கும்போதே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நின்றது ஒரே ஒரு ஆள், வனத்துறை ஆபீஸ் குமாஸ்தா ஜெகநாதன்.

"ஜனங்க எங்கப்பா?"

"சொல்லியாச்சு சார். மூணு நாளா குடியிருப்பு லைன் லைனா டின் அடிச்சுச் சொன்னோம். நானே கூடப் போனேன்."

"அப்ப எங்க?"

"அதான் சார் எனக்கும் புரியல. ஆம்பளைங்க பாதிப் பேரு லீவு போட்டுட்டுக் காட்டுக்குள்ள போயிட்டாங்க."

மரக் கொட்டகையில் பெஞ்சு வரிசையாகப் போட்டிருந்தது. ஒரே ஒரு வங்காளிக் கிழவர் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழந்தைவேலு வந்ததும் எழுந்து கும்பிட்டார்.

"சாப், மேரா உமர் சத்தர் ஹை. மேரா பீ காட்டேகா கியா?"

தனக்கு வயது எழுபதாகிறது, தனக்குமா வெட்டப் போகிறீர்கள் என்று கேட்கிறார். குழந்தைவேலுவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் மெல்ல விளங்கியது. குமாஸ்தா பக்கம் திரும்பினார்.

"ஜெகநாதன், என்னன்னு டின் அடிச்சீங்க?"

"உங்க வயர்லெஸ் மெசேஜ்ல இருந்ததுதான் சார்." மடித்து வைத்திருந்த தாளைப் பயபக்தியோடு எடுத்துப் படித்தான். "மெம்பர் வருகை. எஃப்.பி. விஷயமாகக் கூட்டம். அந்தோணிமுத்து விதவை கிளாரா எஃப்.பி.க்குக் கட்டாயம் ஆஜராகவும்."

"அதை நீ என்னன்னு சொன்னே?"

"குடும்பக் கட்டுப்பாடுன்னு. ஃபேமிலி பிளானிங்."

"அட பாவி, எஃப்.பி.ன்னா ஃபேமிலி பென்ஷன்யா."

"எனக்கு எப்படி சார் தெரியும்? வாரத்துக்கு ரெண்டு சர்க்குலர் வருது. எல்லாத்துலயும் எஃப்.பி., எஃப்.பி.தான். கேம்ப் போடு, ஆளைப் பிடி, எத்தனை பேருன்னு எழுது. எஃப்.பி.ன்னா வேற என்ன இருக்கு?"

திட்டவேண்டிய முதல் ஆள் தானே என்பது குழந்தைவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. போலீஸ் வயர்லெஸ்காரன் சுருக்கமாக எழுதச் சொன்னபோது, 'ஃபேமிலி பென்ஷன்' என்று எழுதியிருந்ததை இரண்டு இடத்திலும் அடித்து எஃப்.பி. ஆக்கியது அவரேதான். ஆக்கிவிட்டுத் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. ஆண்கள் காட்டுக்குள் ஓடியது போகட்டும். புருஷனைப் பறிகொடுத்தவளைப் பெயர் சொல்லி, மூன்று நாள் டின் அடித்து, குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவமானத்தில் காது சுட்டது.

டின்னும் கையுமாக ஜெகநாதன் பின்னாலேயே வர, கிளாராவின் பலகை வீட்டுக்குப் போனார். கதவு சாத்திக் கிடந்தது. படியில் அவள் நாத்தனார் கிரேசி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"வாங்க. டாக்டரு எங்க? கூட்டிட்டு வரலியா?"

குழந்தைவேலு அதைக் காதில் வாங்காததுபோல் கதவருகே போய் நின்று, நடந்ததைச் சொன்னார். பென்ஷன் என்றார், பாரம் என்றார், மூன்று மணிப் படகு என்றார். எஃப்.பி.யை மட்டும் கொஞ்சம் முழுங்கிச் சொன்னார். கதவுக்கு உள்ளே மிக அருகில் கிளாராவின் குரல் கேட்டது.

"கெணத்தடியில கேக்காளுவ ஐயா. புருசன் செத்து எட்டு மாசமாச்சே, ஒனக்கு எதுக்குடி கட்டுப்பாடுன்னு. கேட்டுட்டுச் சிரிக்காளுவ. என் கொழுந்தன் இருதயநாதன் மூணு நாளா இந்தப் பக்கமே வரல. மூத்தவ பள்ளிக்கூடம் போகமாட்டேங்கா."

"தப்பு நடந்துபோச்சு தங்கச்சி. மன்னிச்சுக்க."

"கதவுகிட்ட சொல்லுதீங்க. தப்பு தெருவுல நடந்துச்சு."

"சொல்றேம்மா, எல்லார்கிட்டயும் சொல்றேன். முதல்ல கையெழுத்தைப் போடு. படகு போயிட்டா எல்லாம் பேகார், வீணாப் போயிடும்."

"கையெழுத்து வாங்கிட்டு நீங்க படகுல ஏறிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும். ஆபரேசன் பண்ணிக்கிட்டா சர்க்கார் துட்டு குடுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு எனக்கு மாசாமாசம் மணியார்டர் வந்தா என்ன பேசுவாளுவ? அதுக்குக் குடுக்காவன்னுதானே? எனக்குப் பொம்பளப்புள்ள ரெண்டு இருக்கு ஐயா. அந்தத் துட்டு எனக்கு வேண்டாம்."

எரிச்சலில் அவருக்குத் தலையை எங்காவது மோதிக்கொள்ளலாம்போல் இருந்தது. இந்தப் பெண் மூன்று வயிற்றுக்குரிய பணத்தை வேண்டாம் என்கிறாள், நேரமோ ஒன்றரை தாண்டிவிட்டது. இதைவிட எரிச்சல், அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான். கமிட்டியில் இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன எந்த யோசனையும் இத்தனை தெளிவாக இருந்ததில்லை.

கையோடு கொண்டுவந்திருந்த பாரத்தை எடுத்துச் சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். அதைக் கதவுக்கு அடியில் தள்ளினார்.

"பேனாவும் இருக்கு. போடுறதும் போடாததும் உன் இஷ்டம். ஜெகநாதன், நீ தபால் பையை எடுத்துக்கிட்டு ஜெட்டியில நில்லு. அந்த டின்னைக் குடு."

"சார், நீங்க போய் டின் அடிச்சுக்கிட்டு..."

"குடுய்யா."

மேல் லைன் முனையில் நின்று மண்ணெண்ணெய் டின்னை அடித்தார். ஒன்றிரண்டு ஜன்னல் திறந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், அலுவலகத்தில் ஏற்பட்ட ஒரு சிறு தவறு காரணமாக, என்று ஆரம்பித்தார்.

"யாரு தப்பு?" பின்னால் கிரேசியின் குரல். கையில் மீன் செதிலோடு கூடவே வந்திருக்கிறாள்.

குழந்தைவேலு மறுபடி டின்னை அடித்தார். "தப்பு என்னோடது. நான் எழுதின லட்சணம் அது. கிளாராவுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவ புருஷன் சர்க்கார் வேலை பார்த்தவன். அவன் உழைச்சதுக்கு அவளுக்கு பென்ஷன் வருது." பிறகு அதையே ஹிந்துஸ்தானியில், "பரிவார் நியோஜன் நஹீ, பென்ஷன், பென்ஷன். கல்தி மேரா ஹை" என்றார். இலக்கணம் எக்கேடு கெட்டால் என்ன, ஜனங்களுக்குப் புரிந்தது. ஒரு தெலுங்குப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் நின்று, அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

மேல் லைனில் ஆறு இடம். நடு லைனில் ஏழு. கேள்விகள் வேறு. எம்.எல்.ஏ. தானே சட்டம் போட்டுவிட்டுத் தானே தப்பென்று சொல்வாரா என்று ஒருவன் கேட்டான். காட்டுக்குள்ளிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, ஊசி டாக்டர் நிஜமாகவே வரவில்லையா என்று விசாரித்தார்கள். அவர் எல்லாருக்கும் பதில் சொன்னார். குரல் கம்மிப்போனது. கிணற்றடியில் மட்டும் யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார்.

அங்கே நிற்கும்போதுதான் படகின் சங்கு ஊதியது. டின்னைக் கையில் பிடித்தபடியே ஓடினார். ஐம்பத்திரண்டு வயசில், காலையிலிருந்து ஒரு வாய் சோறில்லாமல் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினார். ஜெட்டிக்கு வந்தபோது படகுக்கும் கட்டைக்கும் நடுவில் முப்பது அடித் தண்ணீர் இருந்தது. படகில் யாரோ கையாட்டினார்கள்.

ஜெகநாதன் பக்கத்தில், முக்காட்டை இழுத்துவிட்டபடி ஒரு பெண் நின்றிருந்தாள். கிளாராவின் முகத்தை அவர் அப்போதுதான் பார்த்தார். அழுது ஓய்ந்த முகம், ஆனால் பார்வை நேராக இருந்தது.

"பாரம் போயிட்டு ஐயா. மேல் லைன்ல நீங்க சொன்னது வீட்டுக்குக் கேட்டுச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன். சார் பையில வச்சு சீல் வச்சுட்டாரு."

"நல்லதும்மா." மூச்சு வாங்கியது. படகைப் பார்த்தார். கடை பத்து நாள் பூட்டிக் கிடக்கும். மாற்றுச் சட்டைகூடக் கொண்டுவரவில்லை. யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தேடிப் பார்த்தார், ஆள் அகப்படவில்லை. அப்படியே ஜெட்டிக் கட்டையில் உட்காரப் போனார்.

"கீழ் லைன்ல இன்னும் சொல்லலியே நீங்க" என்றாள் கிளாரா. "என் கொழுந்தன் வீடு அங்கதான் இருக்கு."

குழந்தைவேலு அவளைப் பார்த்தார். பிறகு டின்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சற்று முன்வரை கதவைக்கூடத் திறக்காதவள், தெருவின் நட்டநடுவில், அவர் கூடவே நடந்து வந்தாள்.