கண்மாயில் கரை தட்டிய வள்ளம்

இலங்கையின் பேசாலையிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதம் புறப்பட்ட வள்ளம் ஒன்று, சென்ற ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமைக் காலையில், திருமங்கலத்துக்கு மேற்கே கொடிக்கால்பட்டிக் கண்மாயில் வந்து கரை தட்டியது. கண்மாயில் அப்போது முழங்கால் அளவுத் தண்ணீர்தான் கிடந்தது. கடல் என்று சொல்லத்தக்க எதுவும் அந்தப் பக்கத்தில் கிடையாது. வள்ளத்தில் தனியாக வந்தவன் பெயர் சந்தியோகு, வயது இருபத்தாறு. அவன் சட்டை அலையில் நனைந்து இன்னும் காயாமல் இருந்தது. அவனை முதலில் பார்த்தவர் கண்மாயின் மீன் குத்தகைக்காரரான விருமாண்டி. "ஏப்பா, யாரைக் கேட்டு கம்மாய்க்குள்ள இறங்குன? வலை கிலை வச்சிருக்கியா?" என்று கரையிலிருந்தே சத்தம் போட்டார். வந்தவன் இரு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, "ஐயா, இது தனுஷ்கோடியோ?" என்று கேட்டான். "தனுஷ்கோடியா? திருமங்கலம் பஸ்ஸப் பிடிக்கவே இங்கருந்து ரெண்டு மைல் நடக்கணும்" என்றார் விருமாண்டி. வள்ளத்தைச் சுற்றியிருந்த தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. கெண்டைக் குஞ்சுகள் செத்துவிடுமே என்று முகம் சுண்டிப்போனவர், மறுநாள் வள்ளத்தின் அடியில் வலை வீசி ஒரு கூடைப் பாரை மீன் பிடித்து திருமங்கலம் சந்தையில் விற்றார். அதன் பிறகு அவருக்கு எந்தப் புகாரும் இல்லை.

கண்மாய்க் கரையை ஒட்டித்தான் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. செய்தி அங்கே போய்ச் சேர்ந்தபோது திரேசம்மா தெருக்குழாயில் குடம் வைத்திருந்தாள். வயது ஐம்பத்தெட்டு. குடம் நிரம்பி வழிந்தது, அவள் எடுக்கவில்லை. முப்பத்து நாலு வருடங்களுக்கு முன்பு அவள் வயிற்றில் பிள்ளையோடு நெரிசலான ஒரு படகில் ஏற்றிவிடப்பட்டாள். அதில் இன்னொருவருக்கு இடம் இல்லாததால், மாமாவின் வள்ளத்தை இரவல் வாங்கிக்கொண்டு விடியலில் பின்னாலேயே வருவதாகச் சொன்ன புருஷன் வரவில்லை. மண்டபத்தில் இறங்கிப் பதிவு செய்தபோது குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். தானும் வயிற்றுப் பிள்ளையும் பின்னால் வருகிறவரும் என்று சொன்னாள். அங்கே இருந்த எழுத்தர் இரக்கப்பட்டு, கணவர் என்ற இடத்தில் பெயரையும் வயதையும் எழுதி, பக்கத்தில் 'வரவேண்டும்' என்று குறித்தார். அந்தக் குறிப்பை எடுக்கச் சொல்லி அதன் பிறகு வந்த ஒவ்வொரு அதிகாரியும் சொன்னார், அவள் ஒவ்வொருவரோடும் சண்டை போட்டு அதைக் காப்பாற்றினாள். கொடிக்கால்பட்டி முகாமில் ஒரு வழக்கம் உண்டு. பதிவைப் புதுப்பிக்கும்போது குடும்பத்தோடு நிற்க வைத்து, எண் எழுதிய சிலேட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். இன்னும் வந்து சேராத ஆள் இருக்கிற குடும்பங்கள் படத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நிற்கும். படம் எடுக்கிறவர்கள் "ஒட்டி நில்லுங்கம்மா" என்று கத்துவார்கள். அப்போது ஒட்டி நிற்பார்கள். படம் கழுவி வரும்போது இடைவெளி இருக்கும்.

திரேசம்மா கண்மாய்க் கரைக்கு ஓடினாள். சந்தியோகு அவளைப் பார்த்து, முதலில் மாமியார் வந்திருப்பதாக நினைத்து எழுந்து நின்றான். பிறகு அவளுடைய கீழ் உதட்டில் இருந்த தழும்பைப் பார்த்தான். சின்ன வயதில் துடுப்பு பட்டு வந்த தழும்பு, பட்டது அவன் வீசிய துடுப்பு. "திரேசா, நேற்றுத்தானே உன்னை ஏத்திவிட்டனான்" என்றான். அவள் அழுதாள், அடித்தாள், "எம்புட்டு நேரமய்யா ஒனக்கு இந்தக் கடலத் தாண்ட?" என்று கேட்டாள். அவள் பேசியதில் பாதி அவனுக்குப் புரியவில்லை, முப்பத்து நாலு வருடத்தில் அவள் பேச்சு மதுரையாகிவிட்டிருந்தது. அதற்குள் பெயின்ட் வேலைக்குப் போயிருந்த மகன் அமலன், சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தெறிப்போடு பைக்கில் வந்து இறங்கினான். அவனுக்கு வயது முப்பத்து மூன்று. தகப்பனை மேலும் கீழும் பார்த்தவன், "அம்மா, இவர நான் அப்பானு கூப்பிடவா, மாப்ளனு கூப்பிடவா?" என்று கேட்க, கரையில் கூடியிருந்த முகாம் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. அன்று யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. அந்தோணியார் கோயில் கொடியேற்றத்துக்கு வாங்கி வைத்திருந்த வெடியை எடுத்துக் கொளுத்தினார்கள்.

வியாழக்கிழமை பதிவு அதிகாரி தமிழ்ச்செல்வி, மதுரை தல்லாகுளத்திலிருந்து ஜீப்பில் வந்தார். கூடவே கணினி ஆபரேட்டர் சூரியபிரகாஷ், ஒரு மடிக்கணினி, கேமரா, கைரேகை எந்திரம். முகாமின் சமுதாயக் கூடத்தில் மேசை போட்டார்கள். தமிழ்ச்செல்வி கண்மாய்க்குப் போய் வள்ளத்தைப் பார்த்தார், தண்ணீரைச் சுவைத்தார், பேசாலையில் எந்தத் தெருவில் கிணறு இருந்தது என்று இருவரையும் தனித்தனியே கேட்டார். ஆள் இவன்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இடைஞ்சல் வேறு இடத்தில் இருந்தது. 'வரவேண்டும்' என்று குறிக்கப்பட்ட ஆளுக்கும் கணினி வருடாவருடம் ஒரு வயதைக் கூட்டிக்கொண்டே வந்திருந்தது. பதிவில் சந்தியோகுவுக்கு அறுபது. கேமராவோ முகத்தைச் சுற்றிப் பச்சைச் சதுரம் வரைந்து, மூலையில் இருபத்தாறு என்று காட்டியது. இரண்டுக்கும் ஒரு வருடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது பதிவை ஏற்காது. பதிவு ஏறாத ஆளை முகாமில் வைத்திருக்க விதி இல்லை. மறுநாள் மாலை வண்டி வரும், அவனை வேறோர் ஊரில் அடைத்து வைத்து விசாரிப்பார்கள். அந்த விசாரணை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. தமிழ்ச்செல்வி நல்ல மனுஷி. அவரே ஒரு வழி சொன்னார். "அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. அமலனோட மகன், உங்களுக்குப் பேரன்னு புதுசாச் சேத்துர்றேன். வயசு சரியா வராட்டியும் நான் சமாளிச்சுக்கிறேன். உங்க வீட்லதான இருக்கப் போறார்?" முகாமில் எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. திரேசம்மா மட்டும் ஒப்பவில்லை. "புருஷன் வருவாருன்னு சொல்லித்தான் மேடம் இம்புட்டு வருசம் எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்குனேன். பேரன் வருவான்னு நான் சொல்லல."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கூடத்தில் உட்கார்ந்திருந்த சந்தியோகு, வண்டி வருவதற்குள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றான். மகன் எப்படிப் பிறந்தான்? திரேசம்மா சொன்னாள். மண்டபம் முகாமில் அடைமழை, ஆஸ்பத்திரிக்கு வண்டி இல்லை, மீன் ஏற்றும் தள்ளுவண்டியில் தார்ப்பாயைப் போர்த்தித் தள்ளிக்கொண்டு போனார்கள், பிள்ளை வழியிலேயே பிறந்துவிட்டது, வருடக்கணக்கில் அவன் மேல் மீன் வாடை அடித்தது. சந்தியோகு சிரித்தான். சிரித்து முடித்த பிறகும் கண்ணோரத்தில் ஒரு சுருக்கம் மறையாமல் நின்றது. கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சூரியபிரகாஷ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மேடம், ஏறுது மேடம்! இருபத்தேழு காட்டுது!"

அதற்கப்புறம் கூடத்துக்குள் நடந்ததைக் கிரிக்கெட் மேட்ச் என்றுதான் சொல்ல வேண்டும். திரேசம்மா ஒரு வருடத்தைச் சொல்லி முடிப்பாள், சூரியபிரகாஷ் எண்ணைக் கத்துவார், ஜன்னல் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டி வெளியே இருப்பவர்களுக்குச் சொல்வார்கள், கண்மாய்க் கரைவரை சத்தம் போய்த் திரும்பும். மண்டபத்திலிருந்து கொடிக்கால்பட்டிக்கு லாரியில் மாற்றியது, ஓலைக் கொட்டகை காற்றில் போனது, அமலன் தவழ்ந்தது, பள்ளிக்கூடத்தில் அவனைச் சிலோன்காரன் என்று சொன்ன பையனின் காதைக் கடித்தது. கேட்கக் கேட்க சந்தியோகுவின் நெற்றி அகன்றது, தோள் தடித்தது. எல்லாரும் சொல்லத் துடித்தார்கள். முகாம் தலைவர் முண்டியடித்து வந்து, தொண்ணூற்றெட்டில் தான் தனியாளாகக் கலெக்டரைப் பார்த்து ரோடு வாங்கி வந்ததைச் சொன்னார். எண் அசையவில்லை. "தலைவரே, மிஷினு நம்ப மாட்டேங்குது" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வர, தலைவர் ரோடு பஞ்சாயத்தில் தானாகவே வந்தது என்று ஒப்புக்கொண்டார். அப்போதும் அசையவில்லை. உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அந்த வீட்டுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. தேர்தல், கிரிக்கெட், தங்கம் விலை எதற்கும் ஒரு நாள்கூட ஏறவில்லை. அமலன் காய்ச்சலில் கிடந்தபோது திரேசம்மா செங்கல் சூளைக்குப் போய்ச் சாயங்காலம் முழங்கையில் தோல் இல்லாமல் வந்ததை அடுத்த வீட்டுக்காரி சொன்னபோது ஏறியது.

முப்பத்து மூன்றில் திரேசம்மா நிறுத்தினாள். அப்போது தகப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே வயது, ஒரே தாடை, ஒரே மாதிரி மடக்கிய கால். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போதும் மேடம். பேரன்னே எழுதிருங்க" என்றாள். கடலில் ஒரு பொழுது மட்டும் கழித்துவிட்டு வந்த ஒருவனுடைய வாலிபத்தை, தன் வாயாலேயே எடுத்துவிடுவதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. சந்தியோகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் புதிதாக நரம்பு புடைத்திருந்தது. "நீ சூளைக்குப் போனதை நான் பாக்கேல்ல. உனக்குத் தலை நரைச்சதையும் பாக்கேல்ல. அதெல்லாம் எனக்குத் தரமாட்டியோ? சொல்லு, திரேசா. நான் கேக்கிறன்." கொஞ்ச நேரம் கழித்து, "பேரனெண்டு எழுதினா உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேலாதே" என்றும் சொன்னார். வண்டி திருமங்கலம் தாண்டிவிட்டதாகத் தமிழ்ச்செல்விக்குப் போன் வந்தது.

திரேசம்மா எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்த முறை நின்றபடியே சொன்னாள். நாற்பது வந்தபோது ஜன்னல் பக்கம் சத்தம் தாங்கவில்லை. அதை ஒட்டிய ஒரு வருடத்துக்கு வந்தபோது, அவள் நடுவில் சூரியபிரகாஷைப் பார்த்து, "தம்பி, ஒரு வருசம் முன்னப்பின்ன இருந்தா அது எடுத்துக்கும்னுதான சொன்ன?" என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளும் என்றார். அவள் அடுத்த வருடத்துக்குத் தாவினாள். அவள் தாவிய வருடம் எது என்று முகாமில் வயது வந்த எல்லாருக்கும் தெரியும். அந்த வருடத்தில் அவளோடு கட்டட வேலைக்கு வந்த ஒரு கொத்தனார் அவளைக் கேட்டார், அவள் சரி என்றாள், நாள்கூடக் குறித்தார்கள். அந்தச் சமயம் பதிவுப் படம் எடுக்க ஆள் வந்தது. சிலேட்டைப் பிடித்துக்கொள்ள உதவியாக வந்த கொத்தனார், சும்மா கிடந்த இடம்தானே என்று அவள் பக்கத்து இடைவெளியில் போய் நின்றார். அவள் விலகி நின்றாள். மறுபடி பக்கத்தில் வந்தார், மறுபடி விலகினாள். கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுபோனது. இந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வாய் மூடாத முகாம், பிறத்தியார் வீட்டு ரகசியத்தைத் தெருமுனையில் வைத்துப் பேசிப் பழகிய முகாம், அந்த ஒரு வருடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தலைவர் வாயைத் திறக்கப் போனார். அவர் மனைவி காலை மிதித்தாள்.

அமலன் கல்யாணம், கொரோனாவில் அடுப்பு எரியாத நாட்கள், புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம், போன வாரம் குழாயடிச் சண்டை. அவள் முடித்தபோது கேமரா ஐம்பத்தொன்பது காட்டியது. பச்சைச் சதுரத்துக்குள் நரைத்த தலையோடு ஒரு மீனவர் உட்கார்ந்திருந்தார். இடது புருவம் மட்டும் அட்டைக் கறுப்பாக இருந்தது. "அவ்வளவுதானோ?" என்று கேட்டார் சந்தியோகு. "அவ்வளவுதான்" என்றாள் திரேசம்மா. அவர் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஓம்" என்றார். சூரியபிரகாஷ் பித்தானை அழுத்தினார், பதிவு ஏறியது. கூரை பறக்கிற மாதிரி சத்தம். வந்து நின்ற வண்டியின் டிரைவருக்கு விருமாண்டி ஒரு பை நிறையப் பாரை கொடுத்துத் திருப்பி அனுப்பினார். தமிழ்ச்செல்வி 'வரவேண்டும்' என்பதை எடுத்துவிட்டு 'வந்துவிட்டார்' என்று போட்டார். அங்க அடையாளம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று யோசித்து, 'இடது புருவம் கறுப்பு' என்று எழுதினார். பிறகு குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒட்டி நில்லுங்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வள்ளம் இன்னும் கண்மாயில்தான் கிடக்கிறது. விருமாண்டியின் குத்தகை இந்த ஆண்டும் புதுப்பிக்கப்பட்டது, பாரையும் சந்தைக்குப் போகிறது. சந்தியோகு அமலனோடு பெயின்ட் வேலைக்குப் போகிறார், உயரத்துக்குப் பயப்படுவதில்லை. மாதாந்திரச் சரிபார்ப்புக்கு வரும் புதிய ஆபரேட்டர்கள் அடையாளத்தைக் காட்டச் சொன்னால் நெற்றியிலிருந்து துண்டை விலக்கிப் புருவத்தைக் காட்டுகிறார். அது எப்படி அது மட்டும் நரைக்காமல் போனது என்று சிலர் கேட்பதுண்டு. "அது என்ர மனிசிக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவர் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் திரேசம்மா, வரிசை நகர்வதற்காகக் காத்திருக்கிறவள்போல, கையைப் பிடித்து அவரை ஓரெட்டு முன்னால் கூட்டிப்போகிறாள்.