கோணி இழுத்த தடம்

சனிக்கிழமை பொழுது புலர்வதற்குள்ளாகவே சகாயராஜின் உள்ளங்கை வியர்க்கத் தொடங்கிவிட்டது. கையைத் துண்டில் துடைத்தார்; மீண்டும் வியர்த்தது. எதிரே தட்டில் இருந்த இட்டிலியை அவர் பிட்டுப் பிட்டு வைத்தாரேயன்றி, வாயில் ஒரு துண்டும் போகவில்லை.

“சாப்டுங்க. வெறும் வயித்தோட அடிச்சா பந்து எங்கிட்டுப் போகும்னு தெரியாது” என்றாள் அவருடைய மனைவி பாத்திமா.

“சாப்ட்டு அடிச்சாலும் அது எங்கிட்டுப் போகுதுன்னு எனக்குத் தெரியலையே.”

பாத்திமா மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள். கணவரின் கூற்றில் பிழை காண இயலாதவளாய், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆத்தூர் செல்லும் சாலையில், மூடப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்ட ஒரு நூல்மில்லின் பின்புறம் அவர்களுடைய கோல்ஃப் மைதானம் இருந்தது. மைதானம் என்பதைக் காட்டிலும், சிலர் பிடிவாதமாகக் கோல்ஃப் ஆடிவந்த கரட்டு நிலம் என்பதே அதற்குப் பொருந்தும். புல், மழைக்கு வந்து தலைகாட்டிவிட்டு உடனே விடைபெறும் விருந்தாளி. ஒன்பது குழிகள் இருந்தன. அவற்றை இருமுறை சுற்றிவந்தால் ஓர் ஆட்டம் முடியும். பந்தை எவ்வளவு குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளிலும் இட்டு முடிக்கிறோமோ, அவ்வளவுக்கு ஆட்டம் சிறந்தது.

வசதியான ஊர்களில் குழியைச் சுற்றிக் கம்பளம் போன்ற பசும்புல் இருக்கும். இங்கோ, பழைய என்ஜின் ஆயிலைக் கலந்து இறுக்கிய மணல் வட்டமாகப் பரப்பப்பட்டிருந்தது. அதனைப் பிரவுன் என்று அழைத்தார்கள். மனிதர் நடந்தாலும் ஆடு நடந்தாலும் அதில் தடம் பதியும். ஆகவே ஒவ்வொரு பிரவுனின் ஓரத்திலும் கயிறு கட்டிய கோணி ஒன்று கிடக்கும். பந்தைக் குழியை நோக்கித் தள்ளுவதற்கு முன்பாக, பந்து போகவேண்டிய வழியில் அந்தக் கோணியை ஒருமுறை இழுத்துச் சமன் செய்துகொள்வது அவ்விடத்து வழக்கம். சகாயராஜ் தமது நாற்பதாவது வயதில் இவ்விளையாட்டைத் தொடங்கிய நாள் முதல், கோணி இழுக்காமல் ஒரு பந்தையும் தள்ளியதில்லை.

அந்த வழக்கத்துக்குத்தான் இப்போது தடை வந்திருந்தது. மலைமேல் உள்ள ஒரு கிளப்பில் கலப்பு இணைப் போட்டி நடக்கவிருந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தால் ஓர் அணி. கீழேயிருந்து வருவோர், அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை, ஒவ்வொன்றையும் தொண்ணூறு அடிக்குக் குறைவாக முடித்துக் காட்டவேண்டும். அதுவும் மலையில் ஆடுவதைப் போலவே, பந்தின் வழியில் கோணி இழுக்காமல். இழுத்தால், ஒவ்வொரு முறைக்கும் இரண்டு அடிகள் கூடுதலாக எழுதப்படும்.

பாத்திமா தனது மூன்றையும் எப்போதோ முடித்துவிட்டாள். சகாயராஜுக்கு இரண்டு ஆட்டங்கள் முடிந்திருந்தன. மூன்றாவது இன்று. பெயர்களை அனுப்புவதற்கும் இன்றே கடைசி நாள்.

அடுத்தடுத்து மூன்று என்பதுதான் அவருக்கு ஆகாத காரியம். ஒரு வாரம் எண்பத்தாறு அடிப்பார். இனி நம்மை அசைக்க ஆளில்லை என்று நிமிர்வார். மறுவாரம் நூற்று மூன்று வந்து நிற்கும். அவர் ஊரில் பேரிங் கடை வைத்திருந்தார். எத்தனை முறை சுழன்றாலும் ஒரே சீராகச் சுழல்வதுதான் பேரிங்கிற்கு அழகு என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போதெல்லாம், அவருடைய நெஞ்சு அவரையே குத்தும். தம்மால் இயலாமற்போனால் மனைவி வேறொருவருடன் மலையேறுவாள். அந்த வேறொருவர் யார் என்பதும் முடிவாகியிருந்தது: கண் மருத்துவர் ராபின். முப்பத்து மூன்று வயது. பந்தை அடிக்கும்போதுகூடக் கொட்டாவி விடக்கூடியவன் போல அத்தனை இயல்பாக ஆடுவான்.

மைதானத்தில் ராபினும் மலைச்சாமியும் முன்னதாகவே வந்து காத்திருந்தார்கள். மலைச்சாமி ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய் மண்டி நடத்துபவர்; இந்தச் சிறு குழுவின் செயலாளர். கணக்கில் எவருக்கும் தயவு காட்டாதவர்.

“ஏனுங்க சகாயராஜ், ராத்திரி தூங்குனீங்களா இல்லீங்களா? கண்ணு ரெண்டும் பழுத்த மொளகா கணக்கா இருக்குதுங்க” என்றார் அவர்.

“தூங்குனாரு. தூக்கத்துலயும் எண்ணிக்கிட்டே கெடந்தாரு” என்றாள் பாத்திமா.

“எம்புட்டுல முடிச்சாராம்?” என்று ராபின் கேட்டான்.

“முடிக்கல. பதினஞ்சாவது குழியில பால்காரன் பெல்லடிச்சுட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சகாயராஜும் சிரித்தார், ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுகொண்டது.

முதற் பிரவுனை அடைந்தவுடனே பாத்திமா ஒரு காரியம் செய்தாள். நேரே சென்று கோணியின் கயிற்றைப் பற்றி, அதைப் பிரவுனுக்கு வெளியே இழுத்துச் சென்று, கயிற்றை இறுகப் பிடித்தபடி சகாயராஜின் பார்வையில் படாமல் நின்றுகொண்டாள். அவர், பந்தைத் தள்ளுவதற்கான மட்டையாகிய பட்டரை ஊன்றிக் குனிந்தார். அவருடைய இடக்கை தன் பாட்டில் பின்னே நீண்டு, காற்றைத் துழாவிவிட்டு, வெறுமனே திரும்பி வந்தது. இரண்டாவது பிரவுனிலும் அவ்வாறே. மூன்றாவதிலும் அவ்வாறே. கை நீளும், கோணி இராது, கை திரும்பிவிடும்.

முதற்சுற்று நாற்பத்து மூன்றில் முடிந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நல்ல தொடக்கத்தைக் கண்டால்தான் சகாயராஜுக்கு அச்சம் மிகும். இழப்பதற்கு ஏதும் இல்லாத நாளில் அவருடைய தோள்கள் தளர்ந்திருக்கும். இன்றோ அவை காதுகளைத் தொடும் அளவுக்கு ஏறியிருந்தன. ஒவ்வோர் அடிக்கும் முன்னால், மீதமுள்ள அடிகளை மனத்துக்குள் கழித்துப் பார்த்தார். கழித்தலில் ஐயம் தோன்றவே, மறுபடியும் முதலிலிருந்து கழித்தார். சிறுமலைப் பக்கமிருந்து வந்த வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து மல்லிகைத் தோட்டத்தில் மோட்டார் ஓடும் ஓசைகூட யாரோ எண்ணிக்கை சொல்வதைப்போல அவருக்குக் கேட்டது.

பதினேழாவது குழியில் அது நிகழ்ந்தது. சகாயராஜ் குனிந்திருந்தார். பாத்திமா வழக்கம்போலக் கயிற்றைப் பிடித்து நின்றாள். ராபின் தாழ்ந்த குரலில்தான் சொன்னான். ஆயினும் எல்லோருக்கும் கேட்டது.

“டீச்சர் கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதப் பாத்தா, அண்ணனத்தான் கட்டிவச்ச மாதிரி இருக்கு.”

“அவுத்துவுட்டா பூக்காட்டுக்குள்ள பூந்துருவாருங்க” என்று மலைச்சாமியும் சேர்ந்துகொண்டார்.

வேறொரு நாளாக இருந்தால் சகாயராஜ் இதற்கு மேலும் ஒரு வரி சேர்த்திருப்பார். இன்று காது மடல்கள் சுட்டன. பந்தைத் தள்ளினார்; அது குழிக்குள் விழுந்தது. அங்கே அவருடைய கணக்கு எண்பத்து மூன்றாயிற்று. இன்னும் ஒரே குழி. அதனை ஆறு அடிக்குள் முடித்துவிட்டால் எண்பத்தொன்பது. மகிழவேண்டிய அந்த இடத்தில், அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“அதைக் கீழ போடு. நான் என்ன சின்னப் பிள்ளையா? காலையில இருந்து காவக் காத்துக்கிட்டு நிக்கிற. அடுத்ததுல கோணி கிடக்குற எடத்துல கெடக்கட்டும். நீ உன் ஆட்டத்தப் பாரு.”

பாத்திமா அவரை ஒரு கணம் நோக்கினாள். கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். ராபின் தன் பந்தைத் தேவைக்கு மேல் துடைத்துக்கொண்டிருந்தான்.

கடைசிக் குழி. சகாயராஜின் முதல் அடி வழுவாமல் சென்றது. இரண்டாவது வலப்பக்கம் ஒதுங்கி, கற்களுக்கிடையே போய் நின்றது. அந்தோ முடிந்தது என்று அவர் நினைத்தார். மூன்றாவதை எவ்வாறு அடித்தார் என்பதை அவரே அறியார். பந்து ஒரு கல்லில் பட்டு எழும்பி, பிரவுனில் விழுந்து, உருண்டு நின்றது. குழிக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு மினி பஸ்ஸின் நீளம். மூன்று அடிகள் கையிருப்பில் இருந்தன. மூன்று முறை தள்ளினாலும் எண்பத்தொன்பது. இவ்வளவு தாராளமான நிலைமை அவருடைய ஆட்ட வாழ்வில் வாய்த்ததே இல்லை.

மற்ற மூவரும் தத்தம் பந்துகளை முடித்துவிட்டு ஒதுங்கினார்கள். சகாயராஜ் பந்தின் பின்னால் நின்று வழியைப் பார்த்தார். முதற்சுற்றுக்குப் பின் எவருடைய ஆடுகளோ கடந்து போயிருந்தன. குளம்புத் தடங்கள் குழிவரை புள்ளி வைத்ததுபோல் கிடந்தன. மூன்று போதும், மூன்று போதும் என்று உள்ளே ஒரு குரல். இரண்டிலே முடித்தால் எண்பத்தெட்டு என்று மற்றொன்று. முதல் தள்ளலில் குழிக்கு அருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டால்—

சர்ர் என்றோர் ஓசை கேட்டது. மணலின்மேல் கோணி வழுக்கும் அந்த இதமான ஓசை. பல ஆண்டுகளாக அவருடைய நெஞ்சை அமைதிப்படுத்திவந்த ஓசை. அதைக் கேட்டு அவர் மூச்சு சீரானது. அதன் பின்னரே, அந்த ஓசையை எழுப்புவது தமது கைதான் என்பது அவருக்கு விளங்கியது.

பாதி வழியில் நின்றார். கயிறு கையில் இருந்தது. பின்னால், பந்திலிருந்து அவர் நின்ற இடம்வரை, கோணியின் அகலத்துக்கு மணல் வழவழவென்று மின்னியது. கோணி நின்ற இடத்தில், அது வாரிக்கொண்டு வந்த மணல் குறுக்கே ஒரு சிறு வரப்பாகக் குவிந்து கிடந்தது.

ராபின் மல்லிகைத் தோட்டத்தின் பக்கம் பார்த்தான். பாத்திமா இரு கைகளையும் வெறுமனே தொங்கவிட்டபடி நின்றிருந்தாள்.

“ரெண்டு போட்டுக்கங்க, மலைச்சாமி” என்றார் சகாயராஜ். அவருடைய குரல் அவருக்கே அயலார் குரலாக ஒலித்தது.

“போட்டுத்தானுங்க ஆகோணும்.”

“இழுத்தது இழுத்தாச்சு. மிச்சத்தையும் இழுத்துரட்டுமா?”

“இழுக்கலாங்க. இன்னும் ரெண்டு போட்டுக்குவேன்.”

ராபினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டான். சகாயராஜ் கோணியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டுப் பந்தினிடம் திரும்பினார். கழித்தல் இப்போது எளிதாகிவிட்டது. ஒரே தள்ளலில் பந்து குழிக்குள் போகவேண்டும். போனால் எண்பத்தொன்பது, போகாவிட்டால் மலை இல்லை.

குனிந்தார். உள்ளங்கை வியர்வையில் பட்டரின் பிடி நழுவியது. துடைத்துக்கொண்டார். தள்ளினார்.

பந்து அவர் சமன்செய்த பாதையில் நூல் பிடித்ததுபோலச் சென்றது. இப்படியொரு நேர்த்தியுடன் அவர் பந்தைத் தள்ளியதே கிடையாது. மலைச்சாமி வாயைத் திறந்தார். பந்து வரப்பை எட்டியது, ஏறியது, உச்சியில் சற்றே தயங்கி, அப்பால் இறங்கியது. ஆனால் அதனிடம் இருந்த விசை அந்த ஏற்றத்தில் கரைந்துவிட்டது. குளம்புத் தடங்களுக்கிடையே தள்ளாடி, குழியை நோக்கியே போய், இரண்டு விரல் அகலம் எஞ்சியிருக்கையில் நின்றுவிட்டது.

சகாயராஜ் சென்று அதனை உள்ளே தட்டினார். குழிக்குள் அது விழுந்த ஒலி மிகத் தெளிவாகக் கேட்டது.

“தொண்ணூறுங்க” என்றார் மலைச்சாமி. அதை எழுதி முடித்துவிட்டு, “டீச்சர் பேரும் ராபின் பேரும் போட்டு அனுப்பிடட்டுங்களா?” என்று கேட்டார்.

“அண்ணே, நான் வேணும்னா விலகிக்கிறேன்” என்றான் ராபின்.

“விலகிட்டு? அவ யாரோட ஆடுவா, குழியில நட்டு வச்ச கொடிக்கம்பத்தோடயா? போட்டு அனுப்புங்க மலைச்சாமி.”

இருவரும் மில் சுவரோரம் நின்ற தங்கள் வண்டிகளை நோக்கிப் போனார்கள். கடைசியாக முடித்தவர் பிரவுன் முழுவதையும் இழுத்துச் சீராக்கிவிட்டுப் போகவேண்டும் என்பதும் அவ்விடத்து வழக்கம். சகாயராஜ் கோணியை எடுத்தார். இப்போது தடையில்லை. வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி இழுத்தார். முதலில் அந்த வரப்பு அழிந்தது. பின்னர் ஆட்டுக் குளம்புகள்.

பாத்திமா ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ கீழ போட்டிருக்கக் கூடாது” என்றார் அவர், இழுப்பதை நிறுத்தாமல்.

“நீங்கதான போடச் சொன்னீங்க.”

“நான் சொன்னா போட்டுருவியா? பீரோ சாவியக் குடுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன், குடுத்தியா?”

அவள் உதட்டோரம் அசைந்தது. “உங்களுக்குக் காவலுக்கு நின்னேன்னு நெனச்சீங்களா?”

“பின்ன?”

பாத்திமா வலக்கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையின் குறுக்கே, கயிறு அழுத்திய கோடுகள் சிவந்து தடித்திருந்தன. ஓரிடத்தில் தோல் உரிந்தும் இருந்தது.

“ரெண்டாவது குழியிலயே புரிஞ்சு போச்சு. எதையாச்சும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டாத்தான் என்னால நீங்க தள்ளுறதப் பாக்க முடியிது. கோணி எனக்குத்தான் வேண்டியிருந்துச்சு. கீழ போடச் சொன்னீங்க. கடைசி அடி அடிக்கயில நான் கண்ண மூடிக்கிட்டேன். போச்சா போகலையான்னு, நீங்க மறுபடி தட்டுன சத்தத்த வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

சகாயராஜ் கோணியை விட்டுவிட்டு அருகில் வந்தார். அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தார். காலையிலிருந்து தமது கையின் வியர்வையை மட்டுமே துடைத்துக்கொண்டிருந்தது அவருக்கு நினைவில் வந்தது.

“வீட்டுக்குப் போனதும் தேங்காண்ணெய் போடு.”

“போடுறேன். மலைக்கு வாரீங்களா?”

“நான் எதுக்கு?”

“பை தூக்க.”

அவர் யோசித்தார். அவளிடமும் ஒரு குறை உண்டு. அடித்து முடிப்பதற்குள் பந்து எங்கே போகிறதென்று தலையைத் தூக்கிவிடுவாள். தூக்கினால் பந்து தரையோடு போகும். எந்த அடியில் தூக்கப்போகிறாள் என்பது, அவள் கால் ஊன்றும் விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் வாய் திறக்க முடியாமல், ஒவ்வோர் அடிக்கும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

“நீ தலையத் தூக்குவ. நான் எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?”

“பையில வாரு இருக்குல்ல, அதப் புடிச்சுக்கங்க” என்றாள் பாத்திமா.

அவர் குனிந்து அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வண்டியை நோக்கி நடக்கையில், வாரின் தையல் ஓரிடத்தில் பிரிந்திருப்பதைக் கண்டார். அவ்விடத்தைப் பெருவிரலால் நெருடிப் பார்த்தார். மலைப் போட்டிவரை இது தாங்குமா என்ற கவலை அவரைப் பற்றிக்கொண்டது.