அம்பாசிடருக்குள் ஓர் ஊளை

1

டைனமோவைத் திட்டிப் பயனில்லை. அது தன் வேலையைச் செய்கிறது. அதன் சத்தம் பாட்டுக்குள் நுழைய யார் கதவைத் திறந்துவிட்டது?

அம்பாசிடரின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து கிடந்த மலர்கொடி இப்படி நினைத்துக்கொண்டாள். வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்காக நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது.

உண்மையில் இந்தச் சத்தம் என் காரிலிருந்து வந்தது. போன மாதம் தஞ்சாவூரிலிருந்து நன்னிலம் போகும் வழியில் ஸ்டீரியோ ஊளையிடத் தொடங்கியது. வேகம் கூட்டினால் சுருதி ஏறியது, குறைத்தால் இறங்கியது. கொரடாச்சேரி தாண்டும்போது நானும் அதோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தேன். நன்னிலத்தில் ஒருவர் ஒரே ஒரு கம்பியை இடம் மாற்றி அதை நிறுத்திவிட்டார். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அந்த ஊளையை விட மனமில்லாமல் எழுபதுகளின் கடைசிக்குக் கொண்டுபோய், யூனுஸ் பாயின் வாடகை வண்டியில் வைத்துவிட்டேன்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

காவிரி வறண்டு கிடந்த அந்த ஆண்டில்—

(பொய். அந்த ஆண்டு தண்ணீர் நன்றாக வந்தது. குறுவை முற்றித் தலை சாய்ந்து நின்றது.)

கூலி கேட்டவர்களின் ரத்தம் ஊறிய வயல்களில்—

(இது பொய்யில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் மலர்கொடி எழுந்து ஓரமாகப் போய் நின்றுகொள்வாள். அவளுக்கு இன்று வேலை இருக்கிறது.)

எனவே நேராகச் சொல்கிறேன். மூன்று நாளில் அறுவடை. தாலுகா ஆபீஸில் நடந்த பேச்சுவார்த்தையில் புதிய கூலி முடிவாகிவிட்டது. எவ்வளவு என்பது தெருத்தெருவாக ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தெரியாவிட்டால் பழைய கூலிக்கே அரிவாளோடு இறங்கிவிடுவார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கம் யூனுஸ் பாயின் வண்டியை அமர்த்தியது. கூரையில் குழாய் ஒலிபெருக்கி, முன்சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், அவருடைய மச்சான் குவைத்திலிருந்து கொண்டுவந்த கேசட் பிளேயர். நேற்று ஆறு ஊர் சுற்றினார்கள். வண்டி போன இடமெல்லாம் ஊளைதான் கேட்டது. கூலி எவ்வளவு என்பது ஒரு ஊரிலும் காதில் விழவில்லை.

நாலாவது ஊரில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்கியதுமே பேட்டரி படுத்துவிட்டதாகவும், கூலி சொல்ல வந்த வண்டியை ஊர்க்காரர்கள் கூலி இல்லாமல் தள்ளிக் கொடுத்தார்கள் என்றும் யூனுஸ் பாய் சொன்னார். கடைசியைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

3

ஒரு சந்தேகம். அந்தக் காலத்து நன்னிலத்தில் ஒரு பெண் காருக்குள் இப்படிப் படுத்து ரிப்பேர் பார்ப்பாளா? கதையைப் படித்த தோழி கேட்டாள். என்னிடம் ஆதாரம் இல்லை. மலர்கொடியின் புருஷன் நாகநாதன் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டுகிறவன். தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது அவன், கீழே உட்கார்ந்து ஈயம் பற்றவைப்பது இவள். அன்று அவன் ஒரு கல்யாணத்துக்காகத் திருவிடைமருதூர் போயிருந்தான். அவர்களுடைய மைக் செட் கடையில் இவள் மட்டும்தான்.

(அவளுக்குள் நான் போய்ப் பார்த்தவரை, தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வியும் இருந்தது. ஆனால் ஊளை கேட்கும்போது அந்தக் கேள்வி கேட்பதில்லை. இந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

4

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் காபி ஆறிப்போனது தெரியவில்லை.

முதலில் யூனுஸ் பாயிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். ஊளை நின்றது. ஓடவிட்டு, பிளேயரின் சத்தத்தை முழுக்கக் குறைக்கச் சொன்னாள். பாட்டு போனது, ஊளை போகவில்லை. ஆக, பிளேயர் நிரபராதி. ஆம்ப்ளிஃபயர் பக்கம் நகர்ந்தாள். டிக் டிக் என்று கேட்டால் ஸ்பார்க் பிளக். இது இழுத்து ஊளையிடுகிறது, டைனமோவேதான். டைனமோவில் சத்தத்தை வடிகட்ட ஒரு கண்டென்சர் போட்டாள். கொஞ்சம் தணிந்தது. பேட்டரிக் கம்பியையும் பாட்டுக் கம்பியையும் பிரித்து ஆளுக்கொரு பக்கமாக ஓட்டினாள். இன்னும் கொஞ்சம்.

பிறகு ஒரு நீளமான கம்பியின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையால் ஆம்ப்ளிஃபயரின் உடம்பைத் தொட்டாள்.

ஊளை இல்லை.

எடுத்தாள். ஊளை. தொட்டாள். இல்லை. நாலைந்து தடவை செய்து பார்த்தாள். அவசியத்துக்கு ஒரு தடவை போதும், மற்றவை அவளுக்காக. பிளேயரின் சத்தத்தைத் திரும்பக் கூட்டச் சொன்னதும் கூரைக் குழாயிலிருந்து நாதஸ்வரம் தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது.

ஆம்ப்ளிஃபயரைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினாள். அந்த போல்ட் வழியாகத்தான் மின்சாரம் வண்டியின் உடம்புக்குத் திரும்ப வேண்டும். அடியில் இரும்பையே காணோம், மின்சாரத்தை மறிக்கும் பெயின்ட்தான். சுரண்டினாள். சிவப்பு. அதற்குக் கீழே கறுப்பும் சிவப்பும், நடுவில் வெள்ளை. அதற்கும் கீழே வெறும் கறுப்பு-சிவப்பு. யாருக்குத் தேர்தல் வண்டி ஓட்டினாலும் அந்தக் கட்சியின் நிறத்தை அடித்துக்கொள்வது யூனுஸ் பாயின் வழக்கம். ஆனால் சீட்டுக்கு அடியில் எதற்கு?

"உள்ளயும் அடிச்சாத்தான் விசுவாசம்னு பெயின்டர் ரெத்தினம் சொன்னாரு தங்கச்சி."

"யாரு பாய் சீட்டைத் தூக்கிப் பாக்கப் போறா?"

"அதான் நீ பாத்துட்டியே."

அவள் சிரித்த சிரிப்பில் தலை டாஷ்போர்டில் இடித்தது. மூன்று முறையும் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி, அடித்து, ஈரம் காயுமுன் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். இனி உப்புத்தாள் போட்டு இரும்பு வரை தேய்த்து முடுக்கிவிட்டால் தீர்ந்தது. யூனுஸ் பாய் டீ வாங்கப் போனார்.

5

இந்த இடத்தில் உலகநாதன் வந்தார். நூறு ஏக்கர்க்காரர். அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். குழந்தைகளுக்கு உடம்பு எப்படி என்று விசாரித்தார். மலர்கொடியின் கடை இருக்கும் கட்டிடம் அவருடையது என்பதை அவர் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

"நீ எதையும் கெடுக்க வேணாம்மா. கெடுன்னு நான் சொல்லுவேனா? மூணு நாளைக்கு இப்படியே விட்டுரு. அம்புட்டுதான். கடை உனக்கு என்னைக்கும் இருக்கும்."

சரி செய்யாமல் இருப்பது தப்பா? மலர்கொடி யோசித்தாள். பயந்தாள் என்றும் எழுத வேண்டும், பயந்தாள். சாமான்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மேசை, ரேடியோக்கள், குழாய்கள் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

6

முதல் வரைவில் அவளை ஒரு பக்கம் பேசவைத்தேன். உழைப்பு, உரிமை, நியாயம்—

(அடித்துவிட்டேன். குரல் என்னுடையது.)

இரண்டாவது வரைவில் அவரிடம் தலையாட்டி அனுப்பிவிட்டு, பிறகு தேய்த்து முடித்தாள். அது சாமர்த்தியமாக இருந்தது. ஆனால் அடுத்த வரியில், டீயோடு திரும்பிய யூனுஸ் பாயின் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. அதையும் விட்டேன்.

மூன்றாவதில் நான் ஒன்றும் எழுதவில்லை. அவள் உப்புத்தாளை நாலாக மடித்தாள்.

"கேட்டுக்கிட்டே சத்தத்தை உள்ள விடறது எனக்கு வராதுங்க ஐயா."

குரல் உயரவில்லை. தேய்க்கத் தொடங்கினாள். இரும்பு பளிச்சென்று வெளியே வந்தது.

கடை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது உங்கள் கையில். நாகநாதன் ஊர் திரும்பி என்ன சொன்னான் என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். உலகநாதன் போனபிறகு மலர்கொடியின் பக்கத்தில் குனிந்து, மனதில் என்ன ஓடுகிறது என்று வாசகர்களுக்காக ஒரு வரி சொல்லேன் என்று கேட்டேன்.

ஸ்பானரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். மாட்டேன் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு, போல்ட்டை இன்னும் அரைச் சுற்று இறுக்கினாள்.