அளந்த மானும் அளக்காத மானும்

பட்டியின் நடுக்கதவு திறந்துகொண்டதற்கு நான்தான் காரணம். ஒரு கையில் காப்பிக் கெட்டிலைப் பிடித்தபடி மறு கையால் முடிச்சுப் போட்டால் அப்படித்தான் ஆகும். கதிர்வீச்சு அளந்து ஒதுக்கிய முப்பத்தெட்டு பனிமான்களும் அளக்காத அறுபதும் ஒரே சுழலாகக் கலந்து ஓடின.

அளந்த மானின் முதுகில் சாயம் அடிப்பது என் வேலை. டப்பா உறைந்து கிடந்தது. என் மான் முகம் எனக்குத் தெரியாதா என்று அடிக்காமலே விட்டிருந்தேன்.

“முகம் தெரியுமே உனக்கு. பிரிச்சு எடு,” என்றாள் என் மனைவி பிர்கித், சுருக்குக் கயிற்றோடு வேலியில் சாய்ந்தபடி.

“அந்த ஒத்தக் கொம்பு அளந்தது.”

“காலையிலேர்ந்து அது என் கயித்துலயே விழல.”

அளக்க வந்த அரசாங்க ஊழியர் ரான்வெய்க் மீட்டரைத் துடைத்தாள். “சரி, முதல்லேர்ந்து.” இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

எங்கோ அணு உலை வெடித்து இரண்டு வருடம். மழையில் வந்த சீசியத்தைக் கற்பாசி குடித்தது, பாசியை மான் தின்றது. முதல் வருடம் வெட்டியதையெல்லாம் குழியில் போட்டோம். பிறகு அனுமதி அளவைப் பத்து மடங்கு உயர்த்தினார்கள்; ஒரே ராத்திரியில் என் மந்தை குணமாகிவிட்டது. என் முதுகுவலிக்கு அப்படி ஒரு வைத்தியம் இன்னும் வரவில்லை.

மகள் எல்லே மாசமாக இருக்கிறாள், இது நான்காம் மாதம். வேறெதுவும் வயிற்றில் தங்கவில்லை. நம் மானின் எலும்புச் சாறுதான் வேண்டும் என்று வீட்டில் காத்திருக்கிறாள். கொடுக்கலாமா? காலையிலிருந்து ரான்வெய்க்கிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன்.

“அளவுக்குள்ள இருந்தா பிரச்சனை இல்லன்னு சுற்றறிக்கை சொல்லுது. எதுக்கும் டாக்டரைக் கேளுங்க.”

டாக்டரைக் கேட்டாயிற்று. அளக்க வருகிறவர்களைக் கேள் என்றார்.

மறுபடி ஒவ்வொன்றாக. பிர்கித் கயிறு வீச, நான் கொம்பைப் பிடித்து அழுத்த, ரான்வெய்க் பின்தொடையில் மீட்டரை வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பாள். பிர்கித் கோட்டுக்குள் வைத்திருந்ததில் சாய டப்பா இளகியிருந்தது. அடித்ததில் பாதி மானுக்கு, பாதி எனக்கு.

“தாடியிலயும் அடிச்சிருக்க. உன்னையும் அளந்தாச்சா?” என்றாள் பிர்கித்.

“போன மாசமே அளந்தாங்க. வெட்டலாம்னு மட்டும் சொல்லல.”

ரான்வெய்க்குக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

கடைசியாக வந்தது எல்லேவுக்கென்று நான் பார்த்து வைத்திருந்த கொழுத்த இளமான். மீட்டர் முள் ஆடி நின்றது. “அளவுக்குள்ளதான்,” என்றாள் ரான்வெய்க். நான் எதுவும் கேட்கவில்லை. சாயத்தை அடித்துவிட்டுப் பனியிலேயே உட்கார்ந்தேன்.

அவள் கையுறையைக் கழற்றினாள். விரல்கள் வெளுத்து மடங்க மறுத்தன. பிர்கித் அந்தக் கைகளுக்கு நடுவில் காப்பிக் கோப்பையைச் செருகினாள்.

“ஐலு, இது உங்க பொண்ணுக்கா?” என்று என்னைக் கேட்டாள் ரான்வெய்க்.

“ஆமா.”

“குடுக்காதீங்க. என் பொண்ணா இருந்தா நான் குடுக்க மாட்டேன்.”