ஹேமந்த் லைட்டு

எங்கள் ஊரில் போருக்குப் போய்ச் செத்தவர்களுக்கு எண்ணிக்கை உண்டு, பேர் கிடையாது. மேல்நெல்லேரி பஸ் நிறுத்தத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல் நின்றிருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் நட்டது. இந்த ஊரிலிருந்து பெரிய யுத்தத்துக்கு முப்பத்தொரு பேர் போனார்கள், அதில் நாலு பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் செதுக்கியிருக்கும். அந்த நாலு பேர் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கல்லுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. அதனால் யாருக்கும் தூக்கம் கெட்டுவிடவில்லை. ஆயுத பூஜைக்குக் கல்லுக்குப் பொட்டு வைத்து, புது பைக் வாங்கியவர்கள் அதன் முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். மற்ற நாட்களில் அதன்மேல் பால் கேன் வைத்தார்கள், காலைத் தூக்கி வைத்து செருப்பு வாரைச் சரி செய்தார்கள்.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் நான் தினமும் காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி வேனுக்காக நிற்பேன். ஷூவின் மேல்பாகம் தைக்கிற செக்‌ஷனில் எனக்கு வேலை.

என் வீட்டுக்காரர் ஹேமந்த் ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்தார். லாரி ஓட்டுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சிக்கிமில் ரேஷன் ஏற்றிக்கொண்டு போகும்போது மலை சரிந்து வண்டியோடு போய்விட்டார். கொடி போர்த்திய பெட்டி வந்த அன்று எங்கள் ஊருக்குப் பொங்கி வந்த தேசபக்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெரு முழுக்க ஃப்ளெக்ஸ். ஒவ்வொன்றிலும் செத்தவர் முகம் வடை அளவுக்கு, வருத்தப்பட்டவர்கள் முகம் தாம்பாளம் அளவுக்கு. ரிட்டயர்டு ஹவில்தார் ராஜகோபால் மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வீரமரணம் அடைஞ்சிருக்கான் நம்ம புள்ள! கல்லுல அவன் பேர நான் பொறிப்பேன், இது சத்தியம்!" என்று அழுதார். நிஜமாகவே அழுதார். நானும் நம்பிவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஃப்ளெக்ஸெல்லாம் கழன்றுவிட்டது. ஒன்று பஞ்சாட்சரம் அண்ணன் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போயிற்று. அந்த வருஷ மழைக்காலம் முழுக்க என் வீட்டுக்காரர் ஆடுகளைக் காப்பாற்றினார். நாட்டைக் காப்பாற்றியவருக்கு அது ஒரு வேலையா?

எங்களுக்குக் குழந்தை இல்லை. லீவில் வந்துபோன நாட்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் நாங்கள் குடித்தனம் செய்த கணக்கு வரும். அவர் போன பிறகு ஊர் என்னிடம் பென்ஷன் எவ்வளவு என்று கேட்டது. என் மாமியார் கங்கம்மாளிடம், மருமகளுக்கு இன்னொரு கல்யாணம் உண்டா என்று கேட்டது. அவரைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. அவர் பேரை வாய்விட்டுச் சொல்ல இந்த ஊரில் நானும் அத்தையும்தான் இருந்தோம். நாங்களும் போய்விட்டால் அவர் பிறந்ததற்கே அடையாளம் இருக்காது. அதனால்தான் கல்லில் பேர் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். வேறு எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

போன வருஷம் பக்கத்து ஊரில் நினைவுத்தூண் கட்டிவிட்டார்கள். தலைகீழாக நிற்கிற துப்பாக்கி, அதன்மேல் இரும்புத்தொப்பி, சுற்றிலும் மூவர்ண டைல்ஸ். அதைப் பார்த்து எங்கள் ஊருக்கு வயிறு எரிந்தது. அடுத்த வாரமே நினைவுத்தூண் கமிட்டி அமைத்தார்கள். தலைவர் ராஜகோபால் மாமா. சர்வீஸ் முழுக்க அவர் செகந்திராபாத் ஸ்டோரில் இருந்தவர், அங்கே அவர் நேருக்கு நேர் மோதிய எதிரி எலிதான். செயலாளர் பஞ்சாட்சரம் அண்ணன். பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடுபவர். ஊரில் எந்த விழா நடந்தாலும் அவர்தான் செயலாளர், ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட வராண்டாவில் கமிட்டி கூடியிருந்தபோது நான் போய் நின்றேன்.

"மாமா, தூண்ல அவர் பேரு வருது இல்ல?"

ராஜகோபால் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் காரியம் நடக்காது என்று அர்த்தம்.

"கலை, தப்பா எடுத்துக்காத. இது போர் நினைவுத்தூண். போர்ல செத்தவங்களுக்குத்தான். ஹேமந்த் ஆக்ஸிடென்ட்ல போய்ட்டான். எதுக்கும் ஒரு விதி இருக்குது இல்லம்மா?"

"அன்னிக்கு மைக்ல வீரமரணம்னு சொன்னீங்களே?"

"அது துக்கத்துல சொல்றதும்மா."

"அந்தப் பழைய நாலு பேரு குண்டடி பட்டுத்தான் செத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? கப்பல்ல வாந்திபேதி வந்து போயிருந்தா?"

பஞ்சாட்சரம் அண்ணன் குறுக்கே வந்தார். "அவங்கள கல்லுலயே எழுதிட்டாங்க இல்ல, அப்புறம் இன்னா கேள்வி? நீ வேற பேஜார் பண்ணாத, போம்மா."

கல்லில் எழுதியிருப்பதால் அவர்கள் வீரர்கள். வீரராக இல்லாததால் என் வீட்டுக்காரரைக் கல்லில் எழுத முடியாது. இவ்வளவு அறிவாளிகள் ஒரே வராண்டாவில் உட்கார்ந்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படி உருப்படுவார்கள்? வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

தூண் எழும்பியது. கன்னங்கரேலென்று முகம் தெரியும்படி பாலிஷ் போட்ட கிரானைட். முன்பக்கம் தங்க எழுத்தில், 'பெரும் போரில் உயிர்நீத்த நால்வர் நினைவாக' என்று ஒரு வரி. பேர்தான் தெரியாதே, வேறு என்ன எழுதுவது? மீதி இடம் காலியாகக் கிடந்தது. காலி இடத்தைக் கண்டால் எங்கள் ஊருக்குப் பொறுக்காது. தலைவர், செயலாளர், பொருளாளர், மூன்று துணைத்தலைவர்கள், சிறப்பு ஆலோசகர் என்று கமிட்டி முழுவதும் அங்கே ஏறிக்கொண்டது. மற்ற மூன்று பக்கமும் உபயதாரர்கள். சிமெண்ட் உபயம், மணல் உபயம், டைல்ஸ் உபயம், கொத்தனார்களுக்கு டீ உபயம். இடம் போதாமல் எழுத்தைப் பொடிப்பொடியாக வெட்டியிருந்தார்கள். பழைய கல்லையும் அவர்கள் வீணாக்கவில்லை. தூணுக்கு ஏறும் படியாகப் போட்டுவிட்டார்கள். எழுத்தின்மேல் கால் படக் கூடாது என்று எழுத்தைத் தரைப்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

ஒரு நாள் வேன் வரத் தாமதமானது. நான் தூணைச் சுற்றிச் சுற்றிப் படித்தேன். டீ கொடுத்தவர் பேரைப் படிக்கும்போதுதான் உறைத்தது. இவரை யாரும் குண்டடி பட்டாயா என்று கேட்கவில்லையே. செத்தவர்களுக்குத்தான் விதி, கொடுத்தவர்களுக்கு ஒரு விதியும் இல்லை. அன்று சாயங்காலமே மைக்கில் அறிவிப்பு வந்தது. தூணுக்கு மேலே வைக்கிற விளக்கு ஒன்றுதான் பாக்கி, உபயம் செய்ய விரும்புபவர்கள் செயலாளரை அணுகவும். நான் கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அணுகினேன்.

"லைட்டு நான் தர்றேண்ணா."

பஞ்சாட்சரம் அண்ணன் முகம் பிரகாசமானது. "அப்படி வா வழிக்கு! யார் பேர் போடறது, உன் பேரா?"

"அவர் பேரு."

"போட்டுட்டா போச்சு. ஹேமந்த் நினைவாகன்னு..."

"நினைவாகல்லாம் வேணாண்ணா. நாயக் ஹேமந்த். அவ்ளோதான். எழுத்தும் நானே போட்டு எடுத்துக்கினு வர்றேன்."

அவர் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். "உபயத்துக்கு விதி ஒண்ணும் இல்லப்பா" என்றார் ராஜகோபால் மாமா, பெரிய மனசோடு.

ஆம்பூரில் எங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில் நவீத் என்பவர் போர்டு கடை வைத்திருக்கிறார். கட்டில் நீளத்துக்கு ஒரு லைட் பெட்டி செய்யச் சொன்னேன். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, இரண்டு பக்கமும், எந்தப் பக்கமிருந்து பஸ் வந்தாலும் தெரியும்படி.

"எழுத்து இவ்ளோ பெருசா போட்டா வெளிச்சம் கம்மியாய்டும் அக்கா" என்றார் நவீத்.

"பரவால்ல பாய்."

"உபயம்னு எங்க போடறது?"

"கீழ மூலையில, எறும்பு சைஸுக்கு."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அளவைக் குறித்துக்கொண்டார். பெட்டியைத் தூணுக்கு மேலே மாட்டும்போது பஞ்சாட்சரம் அண்ணன் அண்ணாந்து பார்த்து, "எழுத்து கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதே" என்றார். எழுத்து அளவுக்கு விதி இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குள் அவருக்கு யாரிடமிருந்தோ போன் வந்துவிட்டது.

திறப்பு விழா டிசம்பர் மாதம், நாலு மணிக்கு. வேலூரிலிருந்து ரிட்டயர்டு கர்னல் ஒருவர் சிறப்பு விருந்தினர். குடியாத்தத்திலிருந்து பேண்டு செட் வந்திருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிப்பவர்கள், இது எதில் சேர்த்தி என்று தெரியாமல் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தார்கள். கர்னல் இன்னொரு விழாவில் மாட்டிக்கொண்டு, நன்றாக இருட்டிய பிறகுதான் வந்தார். வரவேற்பு, பொன்னாடை, மாலை எல்லாம் மேடையில் முடிந்தது. பிறகு மலர்வளையத்தோடு தூணுக்கு வந்து படியில் ஏறி நின்றார்.

அங்கேதான் கமிட்டியின் கிரானைட் கமிட்டியின் காலை வாரியது. மேலே எரிகிற லைட் அந்த பாலிஷில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. பொடி எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கர்னல் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், குனிந்தார். யாருக்கு மலர்வளையம் வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வைக்க வேண்டும் என்று நினைத்த மனுஷன். கடைசியில் நிமிர்ந்து மேலே பார்த்தார். இருட்டில் அந்த ஒரு பேர்தான் பளிச்சென்று நின்றது.

"நாயக் ஹேமந்த்" என்று உரக்கப் படித்தார்.

"சார், சார், அது லைட்டு குடுத்தவங்க..." என்று பஞ்சாட்சரம் அண்ணன் ஓடினார். மலர்வளையத்தைக் கண்டதும் பேண்டுக்காரர்கள் முழு மூச்சோடு ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. கர்னல் வளையத்தை வைத்தார், இரண்டடி பின்னால் வந்தார், விறைப்பாக சல்யூட் அடித்தார். அதிகாரி சல்யூட் அடித்தால் ஹவில்தார் கை சும்மா இருக்குமா? ராஜகோபால் மாமாவும் அடித்தார். அவர்களைப் பார்த்து மொத்தக் கமிட்டியும் அடித்தது, சிறப்பு ஆலோசகர் இடது கையால். என் வீட்டுக்காரர் பேருக்கு எதிரே அவர்களை அப்படி வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பக்கத்தில் நின்ற அத்தை கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இவரு குடும்பம் இருக்குதா?" என்று கர்னல் கேட்டார். ராஜகோபால் மாமாவுக்கு வேறு வழியில்லை, எங்களைக் காட்டினார்.

"எங்க இறந்தாரும்மா?"

"சிக்கிம்ல சார். லாரி ஓட்டிக்கினு போகும்போது மலை சரிஞ்சிடுச்சு. போர்ல இல்ல சார்." கடைசி வார்த்தையை மாமா காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

"அந்த ரோட்ல நானும் போயிருக்கேம்மா" என்றார் கர்னல். பிறகு அத்தைக்கு எதிரே நின்று இன்னொரு சல்யூட் அடித்தார். அத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டாள்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. 'நாயக் ஹேமந்த் நினைவுத்தூண் திறப்பு' என்று தலைப்பு. கமிட்டி அவசரமாகக் கூடி, லைட்டைக் கழற்றிவிட்டு வேறு லைட் போடலாம் என்று பேசியது. ஆனால் அந்தப் படத்தில் ராஜகோபால் மாமா சல்யூட்டோடு நடுவில் நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேப்பரில் வந்த முகம். அதற்குள் அதை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். லைட்டைக் கழற்றினால் எதற்கு சல்யூட் அடித்தீர்கள் என்று நாலு பேர் கேட்பார்களே. தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள். இன்றைக்கும் அது ஒத்திவைத்தபடியே இருக்கிறது.

கிரானைட்டில் இப்போது ரோட்டுப் புழுதி படிந்துவிட்டது. அதை யாரும் படிப்பதில்லை. லைட் மட்டும் எரிகிறது. ஒடுகத்தூர் பஸ் கண்டக்டர், "ஹேமந்த் லைட்டெல்லாம் எறங்கு" என்று கத்துகிறார். எங்கள் வேன் டிரைவர் அஹமது பாஷா, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களிடம், "காலைல ஹேமந்த் லைட்டாண்ட நின்னுடுங்கம்மா" என்கிறார். முதல் தடவை கேட்ட அன்று நான் வேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன வாரம் சாயங்காலம் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. "அக்கா, நான் பூங்குழலி. டீக்கடைக்காரங்க நம்பர் குடுத்தாங்க. ஹேமந்த் எரியலக்கா. இருட்டுல பஸ்லேர்ந்து எறங்கி ஆயாம்மா ஒருத்தங்க கால்வாய்ல விழப் பாத்தாங்க. கொஞ்சம் வர்றீங்களா?"

போன தையில் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த பெண். "ஹேமந்த் யாருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. லைட்டுதான் தெரியும்."

முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். அவரைத் தெரியாதவள் வாயில் அவர் பேர் வந்துவிட்டது. இதற்குத்தானே நான் இத்தனை பாடு பட்டேன்? பல்பும் ஏணியுமாகக் கிளம்பினேன். கமிட்டியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் தீர்மானம் போட்டிருப்பார்கள். அத்தை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்து பல்பை மாற்றி மூடினேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. நாளைக்கு எலக்ட்ரீஷியனைத்தான் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பெட்டியைத் தட்டினேன். பேரோடு பெட்டி முழுக்க எரிந்தது.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார்கள்.

அத்தை மட்டும் கீழேயிருந்து, "வந்துட்டான்டி கலை" என்றாள்.

நான் ஏணியிலேயே நின்று அழுதேன். பஸ் ஹாரன் அடித்தது.