பெரியவள் பெயரில்

சாப்பாட்டு மேசையில், தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது. பெரியவள் காதில் விழாதது போல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு எடுத்துப் பேசு. இல்ல, அணைச்சுத் தொலை" என்றான் தம்பி.

"வேலையிலேருந்து கூப்பிடுவாங்க. அணைக்க முடியாது."

"சாயந்தரம் வாசல்ல நின்னு கத்தினானே, அவனும் உன் வேலையிலேருந்து வந்தவன்தானா? எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேட்டாரு. நாளைக்கு அவர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

தம்பி மனைவி தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். "சாப்பிடுற நேரத்துல எதுக்கு இதெல்லாம்" என்றாள் அம்மா. பேச்சை எடுத்தவன் மகன். ஆனால் அம்மா முறைத்தது மகளை.

அந்த வீட்டில் பெரியவளுக்குப் பெயரே பெரியவள்தான். ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து எடுக்கும் அறையில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற ஒரே ஆள் அவள் என்பதால், வங்கிக்காரர்கள் தேடி வந்து கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். முதல் கார்டு அப்பாவின் வைத்தியத்துக்குத் தேய்ந்தது. அடுத்தது தம்பியின் கல்யாண மண்டபத்துக்கு. அப்புறம் அவன் போன் ரிப்பேர் கடைக்கு அலமாரி, ஏசி. அவன் வண்டிக்கு முன்பணம். அம்மாவின் முழங்கால் ஆபரேஷன். ஒவ்வொரு முறையும் தம்பி, "உன் கார்டுல போடுக்கா, ரெண்டு மாசத்துல குடுத்துடுறேன்" என்பான். "கூடப் பொறந்தவனுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போற?" என்பாள் அம்மா. ஒரு கார்டின் வட்டியைக் கட்ட இன்னொரு கார்டைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் எல்லாமே தேய்ந்துபோயின.

அப்பா சாவதற்கு முன்பு வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதி வைத்தார். "அவளுக்கு எதுக்கு வீடு? புருஷனா, புள்ளையா?" என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. சொல்லப்போனால் அவளுக்கே அப்போது படவில்லை.

"இப்ப நான் சொல்றதைக் கேளு. உன் சம்பளத்து மேல ஒரு லோன் எடுத்துக் கார்டையெல்லாம் மூடு. நான் கடைக்கு லோன் கேட்டிருக்கேன். வீட்டைப் பார்க்க ஆள் வருவாங்க. அந்த நேரம் பார்த்து எவனாவது வாசல்ல வந்து கத்தினா என் பொழப்பு போச்சு" என்றான் தம்பி.

"அந்த லோனை யாரு கட்டுறது?"

"உன் கடனை நீதானே கட்டணும்?"

வெகு இயல்பாகச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

அந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் பார்த்த முகவரி. காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளைத் தரையோடு திருகியிருந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு நாற்காலி இடைவெளி விட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் இடம் விட்டே உட்கார்ந்தாள்.

வக்கீலம்மா அவளைவிட இளையவள். ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே உட்காரச் சொன்னாள்.

"கடனைக் கட்ட முடியலைன்னு மஞ்சக் கடுதாசி குடுக்கணும்னு வந்தேன்" என்றாள் பெரியவள், குரலைத் தாழ்த்தி.

"ரகசியமா சொல்ல வேண்டாம்மா. வெளிய உட்கார்ந்திருக்கிற எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க."

பிறகு, பல பேருக்குச் சொல்லிப் பழகிய வேகத்தில் சொல்லிக்கொண்டே போனாள். "இன்னிலேருந்து கார்டைத் தொடாதீங்க. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீங்க. யாரு என்ன சொன்னாலும் வாங்காதீங்க. சம்பளச் சீட்டும், எல்லாக் கார்டோட ஸ்டேட்மெண்ட்டும் வேணும். யார் யாருக்கு எவ்வளவுன்னு ஒண்ணு விடாம எழுதணும். மனு உள்ள போயிட்டா அப்புறம் எவனும் உங்க வாசலுக்கு வரக் கூடாது. சரி, உங்க பேர்ல வீடு இருக்கா?"

"இல்ல. தம்பி பேர்ல."

"நகை?"

"தம்பி கல்யாணத்தப்ப வித்துட்டோம்."

"வண்டி?"

"வாங்கினது நான். ஆனா அதுவும் அவன் பேர்லதான்."

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அப்போ உங்க கேஸ் சுலபம்மா. உங்ககிட்டேருந்து எடுத்துக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல."

நல்ல சேதியாகத்தான் சொன்னாள்.  பெரியவள் தன் இத்தனை வருஷ உழைப்பைக் கூட்டிக் கழித்து ஒருத்தி வாயால் சொல்லக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஸ்டேட்மெண்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். "இது யாருக்கு?" என்று கேட்பாள் வக்கீலம்மா. "தம்பிக்கு", "அம்மாவுக்கு", "தம்பி கடைக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் பெரியவள். பாதி மதியம் அதிலேயே போயிற்று.

"இது என்ன, கடற்கரை விடுதி?"

பெரியவளுக்குக் காது சூடேறியது. "அது எனக்கு."

பயிற்சி வகுப்பு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இரண்டு நாள். விடுதி அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்தவள், யாரும் கதவைத் தட்டாததால் இருட்டும் வரை தூங்கினாள். எழுந்து, அறைக்கே டீ வரவழைத்துக் குடித்தாள். மறுநாள் மணலில் வெகுநேரம் நின்றாள். எல்லோரும் அலையில் கால் நனைத்தார்கள். கைப்பையை யாரிடம் கொடுத்துவிட்டு இறங்குவது என்று தெரியாமல் அவள் நனைக்காமலே திரும்பி வந்தாள்.

"இது ஒண்ணை மட்டும் விட்டுடலாமாம்மா?"

"எதையும் விடக் கூடாது. சத்தியம் பண்ணிக் குடுக்கிற மனு. உள்ளது உள்ளபடி இருக்கணும்." சொல்லிவிட்டு வக்கீலம்மா அந்த வரியையும் எழுதிக்கொண்டாள். "இதுல வெட்கப்பட என்னம்மா இருக்கு?"

தட்டெழுதிய மனு கைக்கு வந்ததும், பெரியவள் அதை ஒளித்து வைக்கவில்லை. தம்பிக்குச் சொல்லாமல் செய்து அவன் மோசம் போனான் என்று இருக்கக் கூடாது என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் தம்பி முன்னால் வைத்தாள். "நாளைக்குக் கோர்ட்டுல குடுக்கப் போறேன். நீ தெரிஞ்சுக்கணும்னு காட்டுறேன்."

அவன் படித்தான். படிக்கப் படிக்க முகம் கறுத்தது. "மண்டபம் தம்பிக்கு, கடை தம்பிக்கு, வண்டி தம்பிக்கு. எதுக்கு என்னை இழுத்து விடுற? கார்டு உன்னது, கையெழுத்து உன்னது. எல்லாத்தையும் உனக்குன்னே மாத்தி எழுது."

"சத்தியம் பண்ணணும்டா."

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கெஞ்சுகிற குரலில்தான் பேசினாள். "அவன் குடும்பஸ்தன். நாளைக்குப் புள்ளகுட்டின்னு ஆகும், நாலு பேரு வந்து போவாங்க. உனக்கென்னடி? பேரு கெட்டாலும் உன்னை யாரு கேக்கப் போறா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பெரியவள் அம்மாவையே பார்த்தாள். சொன்னதில் ஏதாவது தப்பிருக்கிறதா என்பது போல் அம்மா திருப்பிப் பார்த்தாள்.

தம்பி அடுத்த பக்கத்தைப் புரட்டினான். "அடேயப்பா. கடற்கரை விடுதி. யாருகூடப் போன?"

"தனியா."

"தனியா எவளாவது போவாளா?"

"நான் போனேன்."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டபத்துக்கும் வண்டிக்கும் கொட்டிக் கொடுத்தபோது ஒருத்தரும் புருவம் உயர்த்தவில்லை. அந்தப் பட்டியலிலேயே ஆகச் சிறிய தொகைக்கு அத்தனை பேரும் விழித்துக்கொண்டார்கள்.

"இதை அப்படியே குடுத்தின்னா, இந்த வீட்டுல இருக்காதே" என்றான் தம்பி.

"சரி."

அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்திருப்பான்.  அவள் தாள்களை அவன் கையிலிருந்து வாங்கி, ஓரம் சேர்த்து அடுக்கி, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கோர்ட்டு அலுவலகத்தில் குமாஸ்தா சொன்ன வாசகத்தைத் திருப்பிச் சொல்லிச் சத்தியம் செய்தாள். முத்திரை விழுந்தது. விசாரணைக்குத் தேதி பிறகு வரும் என்றார்கள். இவ்வளவுதானா என்று நினைத்தபடி வெளியே வந்தவளுக்கு, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தாள். யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துவிட்டு, பைக்குள் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு மாடியறை கிடைத்தது. வக்கீலம்மா சொன்னபடியே வசூல்காரர்களின் போன் நின்றுபோனது. அம்மா ஒரே ஒரு முறை கூப்பிட்டாள், கால்வலி மாத்திரைச் சீட்டை எங்கே வைத்தாய் என்று கேட்க. சொன்னதும் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் போன் நாள்கணக்கில் சும்மாவே கிடந்தது. வேலைசெய்கிறதா என்று சந்தேகப்பட்டு அவளே எடுத்துப் பார்ப்பாள். திட்டுவதற்காகவாவது யாராவது கூப்பிட்ட நாட்கள் போய்விட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி கூப்பிட்டாள், அம்மாவின் தங்கை. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"என்னடி கேள்விப்படுறேன்? கடற்கரை, விடுதின்னு ஊர் சுத்திக் கடனை ஏத்திக்கிட்டு மஞ்சக் கடுதாசி குடுத்துட்டியாமே? உங்கம்மா அழுவுறா. சொந்தக்காரங்க மத்தியில தலைகாட்ட முடியலைன்னு உன் தம்பி புலம்புறான். நெஜமா?"

ஆக, வீட்டில் கதை இப்படி முடிந்திருந்தது. பெரியவள் ஜன்னலோரம் போய் நின்றாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

"கடலுக்குப் போனது நெஜம் சித்தி. அது ஒண்ணுதான் என் கடன். மத்தது யார் யாருக்குன்னு மனுவில எழுதியிருக்கேன். தம்பி கல்யாணத்துக்கு உங்க குடும்பத்துக்கு எடுத்த துணிமணி உள்பட."

 "அடுப்புல என்னமோ கருகுது, வைக்கிறேன்" என்றாள் சித்தி.

பெரியவள் போனை மேசைமேல் வைத்தாள். இந்த வேளைக்குச் சமைத்திருந்ததை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எதிரே காலி நாற்காலி இருந்தது. அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு, ஆற அமரச் சாப்பிட ஆரம்பித்தாள்.