தொட்டில் சந்தின் கடைசிக் கதவு

தொட்டில் சந்துக்கு அந்தப் பெயர் வந்த கதை சப்பென்று இருக்கும். ஒரு காலத்தில் அங்கே தச்சர்கள் தொட்டில் செய்து விற்றார்கள், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்களுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டும் வேலையில் சேர்ந்த புதிதில் வழிகாட்டி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். காசு கொடுத்து வெயிலில் நடக்கிறவர்களுக்குத் தச்சுப்பட்டறை எதற்கு?

அதனால் அவளே ஒரு கதை கட்டினாள். சந்தின் கடைசி வீட்டில் ஒரு மருத்துவச்சி இருந்தாளாம். பிரசவம் பார்த்த கையாலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம். விடிந்து பார்த்தால் வெறும் தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருக்குமாம். கடைசி வீட்டைக் காட்டியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அதன் கதவுதான் பார்க்கவே பயமாக இருந்தது. கறுத்த மரம், துருப்பிடித்த இரும்புக் குமிழ்கள். வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கதை பிய்த்துக்கொண்டு போனது.

அந்த வீட்டில் நிஜமாகவே குடியிருந்தவள் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா. தனிக்கட்டை. வழிகாட்டியின் மகளை வெளியே எடுத்ததும் அவள் கைதான். தன் வீட்டைக் காட்டி வழிகாட்டி கதை விடுகிறாள் என்று தெரிந்தும் நர்ஸம்மா கோபப்படவில்லை. ஜன்னலில் நின்று சிரிப்பாள். “இன்னும் கொஞ்சம் பயங்கரமா சொல்லேன்டி. அப்பவாவது பால்காரன் பயந்துக்கிட்டு நேரத்துக்கு வருவான்.”

கதைக்குக் கால் முளைத்தது. அக்கம்பக்கத்து அம்மாக்கள், “சாப்பிடலைன்னா தொட்டில் சந்துல விட்டுடுவேன்” என்று பிள்ளைகளை மிரட்ட ஆரம்பித்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் முதன்முதலாக அதைக் கேட்ட அன்றைக்கு வழிகாட்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் வாயில் ஒரு சொலவடையையே உண்டாக்கிவிட்டோமே என்று பெருமை. பைத்தியக்காரி, அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

பயம் வந்தது தையல்காரரின் பிள்ளை காணாமல் போன மதியம்தான். நாலு வயது. கடை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவனைத் திடீரென்று காணோம். வழிகாட்டி ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்கு வந்தபோது தையல்காரரின் மனைவி நடுத்தெருவில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தாள். யாரோ தொட்டில் சந்து என்றார்கள். அந்தப் பேச்சு வாய்க்கு வாய் பரவி முடிவதற்குள் கூட்டம் சந்துக்குள் திரும்பிவிட்டது. முன்னால் தையல்காரர், கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல்.

 வழிகாட்டி, தான் அழைத்து வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுக் குறுக்கே ஓடி, அந்தக் கதவின் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, நில்லுங்க! அது பொய்க்கதை. நான் கட்டினது. பிழைப்புக்காக நானே கட்டினது!”

டீக்கடைக்காரர் முன்னால் வந்தார். “நீ கட்டினியா? எங்க தாத்தா காலத்துலருந்து சொல்ற கதைம்மா இது. நீ நேத்து வந்தவ.”

“உங்க தாத்தா சொல்லியிருக்க முடியாதுண்ணே. சத்தியமா நான்தான்...”

“அப்ப எங்க தாத்தா பொய் சொன்னாரா?”

அவர் ஏமாற்றவில்லை என்பது அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. பொய் சொன்னால் நம்பிய ஜனம், உண்மையைச் சொன்னால் அடிக்க வருகிறது. ஒரு கல் பறந்து வந்து ஜன்னலில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கியது. “யாரும்மா அது?” என்று உள்ளேயிருந்து நர்ஸம்மாவின் குரல் கேட்டது.

தையல்காரர் வழிகாட்டியைத் தள்ளிவிட்டுக் கதவை நோக்கிக் கையை ஓங்கினார்.

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. அதைச் செய்தாள்.

“சரி, உண்மைதான்!” என்று கத்தினாள். “ஆனா மிச்சத்தையும் கேட்டுட்டு உடைங்க. அந்த மருத்துவச்சியை அடிக்க வந்தவன் இதே கதவுலதான் கை வச்சான். அன்னைக்கே அவன் பிள்ளை போச்சு. அப்புறம் யார் இந்தக் கதவுல கை வச்சாலும் அவங்க பிள்ளை வீடு வந்து சேர்ந்ததில்லை.”

 தையல்காரரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதை மெல்ல இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

“நான் தொடலையே?” என்று அழுதார். “நீ பார்த்தல்ல தங்கச்சி? நான் தொடலைதானே?”

“தொடலைண்ணே,” என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

பையன் கிடைத்துவிட்டான். தைத்த துணி ஏற்றிப்போக வந்த வேனில் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் தூங்கியிருக்கிறான். டிரைவர் அடுத்த கடையில் மூட்டையை இறக்கும்போதுதான் பார்த்து, அலறியடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்பாடா என்று வழிகாட்டியும் வீட்டுக்குப் போனாள்.

ஆனால் ஊர் வேறு கணக்குப் போட்டது. கதவைத் தொடாததால்தான் பிள்ளை திரும்பினான், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பால்காரர் பாக்கெட்டைச் சந்து முனையிலேயே வைத்துவிட்டுப் போனார். சிலிண்டர் கொண்டுவந்தவர் தூரத்திலிருந்தே கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடக்கூட ஆள் வரவில்லை.

ஒரு நாள் காலை சந்து முனையில் பால் பாக்கெட்டுகள் எடுக்கப்படாமல் வெயிலில் உப்பிக் கிடந்ததை வழிகாட்டி பார்த்தாள்.  கடைசி வீட்டுக்கு ஓடினாள்.

“அக்கா! நர்ஸக்கா!”

“வந்தியாம்மா?” குரல் தரையிலிருந்து வந்தது. “வழுக்கி விழுந்துட்டேன். இடுப்பு அசைக்க முடியலை. கத்திக் கத்தித் தொண்டையே போச்சு, ஒருத்தரும் வரலை. தாழ்ப்பாள் போடலைடி, தள்ளிட்டு வா.”

வழிகாட்டி கையைத் தூக்கினாள். கதவுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. தன் மகள் இந்நேரம் பள்ளிக்கூடத்துக்குச் சாலையைக் கடந்துகொண்டிருப்பாள் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்தது. கதவைத் தொட்டால் பிள்ளை போகும் என்பது பொய். அந்தப் பொய்யை எந்த மூச்சில் சொன்னோம் என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் கை முன்னே போகவில்லை.  சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போதும் கை நகரவில்லை.

“என்னம்மா, போயிட்டியா?” உள்ளே குரல் உடைந்தது.

“இதோ வந்துட்டேன்க்கா.”

செருப்பைக் கழற்றினாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் கதவை எத்தித் திறந்தாள்.

கூடத்துத் தரையில் கிடந்த நர்ஸம்மா முதலில் அந்தக் காலைத்தான் பார்த்தாள். பிறகு வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

“கைக்கு என்னம்மா ஆச்சு?” என்று பதறிப்போய்க் கேட்டாள்.